பாசி அள்ள எங்க பொம்பளைங்கள திரும்ப எறக்காதீங்க: ஒரு திறந்த மடல்

நீர்த்தேக்கத்துப் பாசியில இருந்து எரிபொருள் எடுக்கிற திட்டத்துக்கு கையெழுத்து போட்ட அய்யாமாருக்கும் அம்மாமாருக்கும்,

போன வெள்ளிக்கெழம காலையில எங்க தேயிலத் தோட்டத்துல, வேலைக்குப் போறவங்க கூடுற பெரட்டுக் களத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. சிங்களத்துலயும் இங்கிலீஸ்லயும் மட்டுந்தான், தமிழ்ல ஒரு வரி இல்ல. கொழுந்தெடுக்க வந்த பொம்பளைங்க அத சுத்தி நின்னாங்க, யாருக்கும் வாசிக்கத் தெரியல, நான்தான் வாசிச்சு சொன்னேன். போன வருஷம் பங்குனியில எங்க டேம்ல நடந்த பாசி அள்ளுற சோதனை திருப்தியா முடிஞ்சதுன்னும், வர்ற மாசி மாசத்துல இருந்து மூணு டிவிஷன்லயும் பொம்பளைங்கள கொந்தரப்புக்கு (ஒப்பந்தக் கூலிக்கு) எடுத்து பெருசா செய்யப் போறதாவும் போட்டிருந்துச்சு. திருப்திங்கிற அந்த சொல்ல நான் வாசிக்கும்போது எங்கம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ரெண்டு உள்ளங்கையையும் ஒரு தடவ பாத்துட்டு, ஒண்ணும் பேசாம கூடைய எடுத்துட்டு மலைக்கு ஏறிட்டாங்க. அதனாலதான் இத எழுதுறேன்.

டேம் பேரையும் தோட்டத்துப் பேரையும் நான் போடல, உங்க ஆபீஸ் பேரும் போடல, போட்டா மொதல்ல வேல போறது எங்க ஆளுங்களுக்குத்தான். எந்த எடம்னு உங்களுக்கு தெரியும்.

இன்னொன்னையும் சொல்லணும். நான் இந்தத் திட்டத்துக்கு எதிரியா ஆரம்பிச்சவன் இல்ல. 2022ல இந்த இலங்கை நாடு பட்ட பாட்டுல காஸ் இல்ல, மண்ணெண்ண இல்ல, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட் பண்ணுன நாளும் இருந்துச்சு, எங்க லயத்துல காஸ் அடுப்பு வாங்குன ரெண்டு மூணு வீட்டுக்காரங்களும் திரும்ப மிலாறு (வெட்டிப்போட்ட தேயிலக் குச்சி) பொறுக்கப் போனாங்க, கவ்வாத்து வெட்டாத வருஷத்துல அந்த மிலாறும் கெடைக்காது. அந்த நேரத்துல டேம் ஓரமா பச்சப் பெயிண்ட் ஊத்துன மாதிரி பாசி மெதந்துட்டு கெடக்கிறத பாத்துட்டு, இத எரிக்க முடிஞ்சா எவ்வளவு நல்லா இருக்கும்னு நானே நெனச்சிருக்கேன். நான் ஏ.எல்.ல (உயர்தரத்துல) பயோ படிச்சவன், ஹட்டன்ல டியூஷன் வகுப்புல சயன்ஸ் சொல்லிக் குடுக்கிறேன். அதனால நீங்க வந்து எடை எழுத ஒரு படிச்ச பையன் வேணும்னு கேட்டப்ப சந்தோசமா வந்தேன். அந்தக் கொப்பி இன்னமும் என்கிட்ட இருக்கு. கீழ வர்ற கணக்கு அந்தக் கொப்பியில இருந்து எடுத்தது.

11 பொம்பளைங்க, 9 நாள். ஆளுக்கு ஒரு நுளம்பு வலைத் துணி, ஒரு 20 லீட்டர் வாளி. கிளவுஸ் இல்ல, பூட்ஸ் இல்ல, வாய்க்கு கட்ட ஒரு துண்டு துணி குடுக்கல. காலையில காத்து அடங்கியிருக்கிற நேரம் பாசி ஓரத்துல தடியா ஒதுங்கி நிக்கும், அப்ப முழங்காலுக்கு மேல தண்ணியில நின்னு கையால அணைச்சு அணைச்சு வாளியில எடுக்கணும். பத்து மணிக்கு காத்து கெளம்புனா பாசி கலைஞ்சு அடுத்த கரைக்கு போயிடும், அப்பறம் அதுக்கு பின்னாடி நடக்கணும். கரையில வச்சு வலைத் துணியில வடிகட்டுனா பாதி பாசி துணி ஓட்ட வழியா திரும்பவும் தண்ணிக்கே போகுது, ஏன்னா இது நூல் நூலா இருக்கிற பாசி இல்ல, ரவ மாதிரி பொடியா மெதக்கிற சாதி. நீங்க கூட்டிட்டு வந்த ஆளே பாத்துட்டு மைக்ரோசிஸ்டிஸ்னு பேர் சொன்னாரு. அந்தப் பேர திரும்ப கீழ எடுக்கிறேன்.

ஒன்பது நாள்ல சுமாரா 1,200 வாளி. கடைசியில காஞ்சு தராசுல ஏறுனது 118 கிலோ. அதாவது ஒரு வாளி அள்ளுனா நூறு கிராம் கூட முழுசா தேறல. ஒரு ஆள் ஒரு நாளைக்கு ரெண்டு கிலோ காஞ்ச பாசி குடுத்தாத்தான் முழுப்பேரு (முழு நாள் சம்பளம்), இல்லாட்டி அரைப்பேருன்னு (பாதிச் சம்பளம்) நீங்க வச்ச கணக்குல ஒருத்தருக்கும் ஒரு நாளாவது முழுப்பேரு விழல. அந்த ரெண்டு கிலோ எங்க இருந்து வந்துச்சுன்னு நான் அன்னைக்கே கேட்டேன், பதில் வரல. எங்க பொம்பளைங்களுக்கு கொழுந்து எத்தன கிலோ எடுக்க முடியும்னு தெரியும், அதுல கொறஞ்சா அரைப்பேர ஏத்துக்குவாங்க. ஆனா தண்ணியில இல்லாத பாசிய எப்பிடி அள்ளுறது?

இப்ப காய வைக்கிற கதை. மாசி பங்குனிதான் எங்க பக்கம் வறட்சிக் காலம், டேம் எறங்கி தண்ணி அசையாம நிக்கிறதால பாசியும் அப்பதான் பூக்குது. ஆனா பங்குனியில மத்தியானம் ஆனா இடி மழை, சாயங்காலம் ஆனா பனி மூட்டம். படங்கு விரிச்சு காயப்போட்ட பாசி மூணாவது நாள் காயல, அழுகிச்சு. பச்சையா இருந்தது ஓரத்துல நீலமா மாறி நீலத் தண்ணி வடிஞ்சுச்சு, செத்த பாசியில இருந்து அந்த நீலச்சாயம் கழண்டு வரும். நாத்தம் சின்னப் புள்ளைங்கள பாத்துக்கிற பிள்ளைக் காம்பரா வரைக்கும் போச்சு, அன்னைக்கு ஆயம்மா ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சு வச்சாங்க. அப்பறம் நீங்க என்ன பண்ணீங்கன்னா, மூடிக்கெடந்த பழைய ஸ்டோர தொறந்து, ஒரு டிராக்டர் விறகு எறக்கி, அத எரிச்சு பாசிய காய வச்சீங்க. அந்த நோட்டீஸ்ல இந்த விறகப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எரிபொருள் செய்யிறதுக்காக எரிச்ச விறகு அது, அத அப்பிடியே எங்க லயத்துக்கு எறக்கியிருந்தா இருபது வீட்டுல பல நாளைக்கு அடுப்பெரிஞ்சிருக்கும்.

நான் வகுப்புல புள்ளைங்களுக்கு போட்டுக் காட்டுற கணக்கு இது, நீங்களும் பாருங்க. நம்ம பக்கத்து குளிர் தண்ணிய சூடாக்கி ஆவியாக்க கிலோவுக்கு சுமாரா 2.6 மெகாஜூல் சூடு வேணும். நல்லா காஞ்ச பாசி ஒரு கிலோ எரிஞ்சா சுமாரா 20 மெகாஜூல் கெடைக்கும், மண்ணு சேந்திருந்தா அதுவும் கொறையும். துணியில கட்டி ராத்திரி பூரா தொங்கவிட்ட பாசியிலயும் பத்துல ஒன்பது பங்கு தண்ணிதான். அப்ப ஒரு கிலோ காஞ்ச பாசிக்கு ஒன்பது கிலோ தண்ணிய வெரட்டணும், அதுக்கு மட்டும் 23 மெகாஜூலுக்கு மேல போகுது. 20 எடுக்க 23 போடுறோம், அதுவும் அடுப்புல ஒரு துளி சூடு வீணாப் போகலன்னு வச்சுக்கிட்டா. இப்பிடி துணியில வடிச்சு அடுப்புல காய வைக்கிற வரைக்கும், அடுப்ப மாத்துனா சரியாகும், ஆள் கூட்டுனா சரியாகும்னு சொல்ல எடமே இல்ல, தண்ணியோட கொணமே அப்பிடி.

சரி, காய வச்ச செலவ விட்டுடுவோம். கெடச்ச 118 கிலோவுல இருக்கிற மொத்த சூடும் நாலு காஸ் சிலிண்டர்ல அடங்கிரும், அந்த 12.5 கிலோ பெரிய சிலிண்டர் நாலு. அதுக்கு எங்க பொம்பளைங்க 99 நாள் வேல செஞ்சிருக்காங்க, 2024ல சட்டம் போட்ட நாள் சம்பளம் 1,350 ரூவா வச்சு முழுப்பேரு போட்டிருந்தா 1,33,650 ரூவா. அதே 118 கிலோவ ஒரு ஜெனரேட்டர் கணக்குல கரண்டா மாத்துனா சுமாரா 200 யூனிட். கொத்மலை பவர் ஸ்டேஷன் 201 மெகாவாட், அது முழு வேகத்துல ஓடுனா 200 யூனிட்ட நாலு செக்கனுக்குள்ள குடுத்துரும். எங்க மலைத் தண்ணி ஏற்கனவே இந்த நாட்டுக்கு கரண்ட் குடுத்துட்டுதான் இருக்கு, லக்சபான, கென்யன், விமலசுரேந்திர, கொத்மலை, தலவாக்கலையில மேல் கொத்மலை எல்லாம் எங்க லயங்களுக்கு நடுவுலதான் நிக்குது. மவுஸ்ஸாக்கலை டேம்ல தண்ணி எறங்குனா முங்கிப்போன பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளிய தெரியும், எங்க பெரியவங்க இன்னமும் போய் பாத்துட்டு வருவாங்க. கரண்டுக்காக நாங்க குடுத்தது கொஞ்சம் இல்ல. இப்ப அந்தத் தண்ணியில பூக்கிற நோயையும் எங்க கையாலயே அள்ளி எரிபொருள் ஆக்கணும்னு கேக்குறீங்க.

நோய்னு நான் சும்மா சொல்லல. மைக்ரோசிஸ்டிஸ் சாதியில நெறைய வகை, மைக்ரோசிஸ்டின்னு ஒரு விஷத்த உண்டாக்கும், அது ஈரல தாக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிக்கிற தண்ணியில லீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்னு ரொம்ப சின்ன அளவத்தான் எல்லையா வச்சிருக்கு. 1996ல பிரேசில்ல கருவாரு டவுன்ல சிறுநீரக நோயாளிங்களுக்கு ரத்தம் சுத்திகரிக்கிற தண்ணியில இந்த விஷம் கலந்து 50 பேருக்கு மேல செத்துப் போனாங்க. எங்க ஆளுங்க தண்ணிய கொதிக்க வச்சா எல்லாம் செத்துரும்னு நம்புவாங்க, இந்த விஷம் கொதிக்க வச்சாலும் போகாது, பாசி வெடிச்சு இன்னும் தண்ணிக்குள்ள எறங்கும். பாசி காஞ்ச பிறகும் மாசக்கணக்குல அதுலயே இருக்கும். அந்தக் காஞ்ச பொடியத்தான் பழைய ஸ்டோர்ல வச்சு சாக்குல கட்டச் சொன்னீங்க, மூக்குல வாயில போக.

ரெண்டாவது நாளே அம்மா கை செவந்துச்சு. நாலாவது நாள் முழங்கால் வரைக்கும் கொப்பளம், ராத்திரி பூரா சொறிஞ்சுட்டு இருந்தாங்க. எங்க அடுத்த காம்பரா அக்காவுக்கு வாந்தியும் வயித்தால போறதும், அது பாசியாலதானான்னு யாரும் பாக்கல, ரத்தம் எடுக்கல. டிஸ்பென்சரிக்கு போனா பூச ஒரு மருந்து குடுத்து அனுப்புனாங்க. அம்மா அடுத்த நாளும் எறங்கினாங்க, ஏன்னா இடையில நின்னா மத்த நாள் அரைப்பேரும் கெடைக்காதுன்னு உங்க ஆளு சொல்லியிருந்தாரு. இப்பவும் உள்ளங்கை தோல் வெடிச்சு வெடிச்சு வருது, அந்தக் கையோட தேயிலக் கொழுந்து ஒடிக்கிறாங்க. நோட்டீஸ்ல திருப்தின்னு எழுதுனவங்க அந்த 11 பேர்ல ஒருத்தர் கைய பாத்துட்டு எழுதுனாங்களான்னு கேக்குறேன்.

எண்ணெய் எடுக்கலாம், டீசல் ஆக்கலாம்னும் அந்த நோட்டீஸ் சொல்லுது. வெளிநாட்டுல செய்யிறாங்கன்னு உங்க ஆள் ஒருத்தர் கூட்டத்துல படம் எல்லாம் போட்டுக் காட்டுனாரு. முழுக் கதையையும் காட்டியிருக்கணும். அமெரிக்கா அரசாங்கம் 1978ல இருந்து 1996 வரைக்கும் பாசி எண்ணெய்க்காக ஒரு ஆராய்ச்சி நடத்துச்சு, சுமாரா 25 மில்லியன் டொலர் போட்டு, 3,000 சாதிக்கு மேல பாசி சேத்துப் பாத்து, செலவு கட்டுப்படியாகாதுன்னு மூடிட்டாங்க. எக்சன்மொபில் எண்ணெய்க் கம்பெனி 2009ல எறங்கி 2023 வாக்குல வெளிய வந்துருச்சு. இவங்க எல்லாம் தேர்ந்தெடுத்து வளத்த பாசிய வச்சு செஞ்சவங்க. அந்த மாதிரி சில பாசியில பட்டினி போட்டு வளத்தா எடையில 30, 40 வீதம் எண்ணெய் கட்டும். எங்க டேம்ல மாதிரி தானா பூக்கிற நீலப்பச்சைப் பாசியில பத்து வீதம் தாண்டுறதே கஷ்டம், அதுலயும் டீசல் ஆக்க தோதான கொழுப்பு கொஞ்சந்தான். நியூசிலாந்துல 2006ல மார்ல்பரோ பக்கம் கழிவுத்தண்ணிக் குளத்துல தானா வளர்ற பாசிய எடுத்து பயோடீசல் செஞ்சு பாத்தாங்க, அது ஒண்ணுதான் உங்க திட்டத்துக்கு கிட்ட வர்றது. ஆனா அங்க குளம் டவுனோட கழிவு சுத்தம் பண்ணுற எடம், பாசி வருஷம் பூரா ஒரே எடத்துல வரும், அத எடுக்கிறது எப்பிடியும் செய்ய வேண்டிய வேல. எங்க டேம்ல பாசி ரெண்டு மாசம் பூக்கும், வைகாசியில தென்மேல் மழை எறங்குனா ஒரு வாரத்துல அடிச்சுட்டு போயிரும், ஒரு வருஷம் வரும் அடுத்த வருஷம் வராது. ரெண்டு மாசம் மட்டும் ஓடுற ஒரு மெஷினுக்கு யார் காசு போடுவா, மிச்ச பத்து மாசம் அதுக்கு என்னத்த போடுவாங்க?

பாசி ஏன் வருதுங்கிறதுதான் நீங்க கேக்காத கேள்வி. இது புதுசு இல்ல. 1991ல கொத்மலையில இதே மைக்ரோசிஸ்டிஸ் பூத்துச்சு, 1999ல கண்டி வாவியில பூத்துச்சு. மேல மரக்கறித் தோட்டத்துல போடுற உரம், எங்க மலையில போடுற உரம், டவுன் கான் தண்ணி, ஹோட்டல் கழிவு, எங்க லயத்துக் கக்கூஸ் குழி நெறம்பி ஓடையில எறங்குறது, எல்லாம் சேந்துதான் பாசிக்கு சாப்பாடு. எங்க கக்கூஸையும் சேத்துத்தான் சொல்றேன், மறைக்கல. அத கட்டித்தாங்கன்னு கேட்டு கேட்டு எங்க தாத்தா காலமே முடிஞ்சு போச்சு. பாசிய அள்ளுறதால டேமும் சுத்தமாகும்னு நீங்க சொல்றதையும் கணக்கு போட்டுப் பாத்தேன். காஞ்ச பாசியில பொஸ்பரஸ் சுமாரா ஒரு வீதம், அப்ப 118 கிலோவோட வெளிய வந்தது ஒரு கிலோவுக்கு கொஞ்சம் கூட. மரக்கறிக்கு போடுற டி.எஸ்.பி (பொஸ்பரஸ் உரம்) ஒரு அந்தர், அதாவது சுமாரா 50 கிலோ மூட்டையில பொஸ்பரஸ் சுமாரா பத்து கிலோ இருக்கு. 11 பேர் 9 நாள் தண்ணியில நின்னு எடுத்தது ஒரே ஒரு மூட்டையில எட்டுல ஒரு பங்கு. மேல ஒரு மழைக்கு எத்தன மூட்டை கழுவிட்டு வருதுன்னு நீங்களே யோசிங்க.

பாசிய தொடவே கூடாதுன்னு நான் சொல்லல. 2007ல சீனாவுல தாய்ஹூ ஏரியில பாசி பூத்து வூஷி நகரத்துல இருபது லட்சம் பேருக்கு பைப் தண்ணி குடிக்க முடியாம போச்சு, அதுக்கு அப்பறம் அவங்க மெஷின் போட்டு உறிஞ்சி அள்ளுறாங்க, அதுல கொஞ்சத்த பயோகாஸ் தொட்டியிலயும் போடுறாங்க. ஆனா அவங்க அள்ளுறது ஏரியயும் குடிதண்ணியயும் காப்பாத்த, காஸ் வந்தா வரட்டும்னுதான். காய வைக்காம அப்பிடியே தொட்டியில போடுறதால விறகும் வேணாம். பாசிய மட்டும் போட்டா அதுல நைட்ரஜன் ரொம்ப கூட, அமோனியா ஏறி தொட்டி செத்துரும், சாணியோட வைக்கோலோட கலந்து கொஞ்சமா போடணும். அப்பிடி ஒண்ணு செய்யிறதா இருந்தா நானே வந்து கொப்பி எழுதுறேன். அதையும் எங்க எரிபொருள் பிரச்சினைக்கு பதில்னு மட்டும் சொல்லாதீங்க. பதில் வேற எடத்துல இருக்கு. ரெண்டு மூணு மாடு வச்சிருக்கிற குடும்பத்துக்கு சாணியிலயே சமையலுக்கு காஸ் வரும், எங்க குளிருக்கு மெதுவாத்தான் ஊறும், அதனால குழிய கொஞ்சம் பெருசா கட்டி மூடி வைக்கணும். மாடு இல்லாத வீட்டுக்கு ஒழுங்கான அனகி மண் அடுப்பும் புகைபோக்கியும் குடுத்தா விறகு மிஞ்சும், அம்மாமாருக்கு இருமலும் கொறையும். இது எதுவும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்ல.

இனி நான் கேக்குறது இதுதான். மாசி மாசத்து வேலைய நிப்பாட்டுங்க, அந்த நோட்டீஸ கழட்டுங்க. போன வருஷம் எறங்கின 11 பேரையும் நுவரெலியாவுலயோ கண்டியிலயோ பெரிய ஆஸ்பத்திரிக்கு உங்க செலவுல கூட்டிட்டுப் போய் தோலும் ஈரலும் சோதிச்சு, ரிப்போர்ட்ட அவங்க கையில குடுங்க. அவங்களுக்கு கொறச்ச அரைப்பேரு காசு 99 நாளுக்கும் பாக்கி இருக்கு, அத குடுத்துருங்க. எங்க டேம்ல தண்ணி எடுத்து விஷம் இருக்கான்னு பாருங்க, பாசி பூக்கிற மாசத்துல வாரா வாரம் பாருங்க, அளவு எவ்வளவுன்னு தமிழ்லயும் எழுதி போடுங்க, ஏன்னா கீழ் டிவிஷன்ல பீலித் தண்ணி வத்துனா டேம் தண்ணியத்தான் பம்ப் பண்ணி குடிக்கிறாங்க, புள்ளைங்க அதுலதான் குளிக்குது. எதிர்காலத்துல யாராவது பாசி அள்ளித்தான் ஆகணும்னா மெஷின் போட்டு அள்ளுங்க, நெருங்கி வேல செய்யிற ஒவ்வொரு ஆளுக்கும் கிளவுஸ், பூட்ஸ், முகமூடி, முழுப்பேரு. இந்தத் திட்டத்துக்கு ஒதுக்குன காசுல எங்க மூணு டிவிஷன்லயும் கக்கூஸ் குழிய ஒழுங்கா கட்டி, ஓடையில எறங்குற கான மறிச்சுக் குடுங்க. அந்த டிராக்டர் விறகையும் சேத்து சோதனையோட முழுக் கணக்கையும் வெளியிடுங்க, என் கொப்பி தேவைன்னா கொப்பி எடுத்து தர்றேன், மூலம் என்கிட்டயே இருக்கும்.

பதில் எனக்கு தனியா அனுப்ப வேணாம். தமிழ்ல எழுதி, பெரிய எழுத்துல, அதே பெரட்டுக் களத்துல ஒட்டுங்க, தை மாசம் முடியிறதுக்குள்ள. எங்கம்மாவும் மத்த பத்து பேரும் அங்கதான் காலையில ஏழு மணிக்கு நிப்பாங்க.